மருந்துப் பை இனி யார் கையில்? நாட்பட்ட நோயுள்ள வளரிளம் பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கைமாற்றுவோம்



குழு ஆரம்பித்த புதிதில் நமக்கெல்லாம் ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். கணக்கு ஒருத்தர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதுதான் அது. வங்கிக்குப் போய் வருவதும், யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதும் ஊக்குநருக்கு மட்டும் தெரியும் என்றால், அவர் ஊர் மாறிப் போன அன்றே குழு ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு என்று எழுதியும் வைக்கிறோம்.

இதே பாடத்தை வீட்டுக்குள் ஓர் இடத்தில் நாம் மறந்துவிடுகிறோம். சர்க்கரை நோய், வலிப்பு, இருதய வால்வுக் கோளாறு, ஆஸ்துமா, தலசீமியா போன்ற நாட்பட்ட நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், எல்லாக் கணக்கும் அம்மா தலையில்தான் இருக்கிறது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அடுத்த ஊசி எந்தத் தேதி, டாக்டர் போன தடவை என்ன சொன்னார், சீட்டு எந்தப் பையில் இருக்கிறது, எல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். "அது பாவம், சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? நானே பாத்துக்கறேன்" என்று சொல்கிறோம். அந்தச் சின்னப் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது ஆகியிருக்கும்!

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, பிள்ளையின் கைக்கே எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது?

ஏன் இப்போது பேச வேண்டும்?

மூங்கில்துறைப்பட்டு பக்கம் நம் வீட்டு நிலைமை நமக்குத் தெரியும். கரும்பு வெட்டு வந்துவிட்டால் அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். கல்வராயன் மலை ஊர்களில் குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போவோர் பலர். பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிறோம். இல்லாவிட்டால் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறது. பன்னிரண்டாவது முடித்ததும் கல்லூரி, நர்சிங், பாலிடெக்னிக், திருப்பூர் கம்பெனி, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். அம்மா கூடவே போக முடியாது.

மருத்துவமனையிலும் இடம் மாறுகிறது. பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயது வரைதான். அதற்குப் பிறகு பெரியவர்கள் வரிசை. அங்கே பழகின டாக்டரும் நர்சும் இருக்க மாட்டார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவின் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே., 2013-ல் தொடங்கியது) 18 வயது வரைக்கும்தான். அந்த வயதுக்கு மேல் யாரும் தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் போக வேண்டும்.

ஆக, 12 முதல் 18 வயதுக்குள் பிள்ளை தன் நோயைத் தானே தெரிந்துகொள்ளாவிட்டால், நடுவில் மருந்து நின்றுவிடும். சில நோய்களில் மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து.

100 வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் கதை

1922-க்கு முன்னால், பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய்க்கு உலகத்தில் எங்கேயும் மருந்து கிடையாது. நோய் வந்த பிள்ளை ஓரிரு வருடத்தில் இறந்துவிடும். 1922 ஜனவரி 11-ஆம் தேதி கனடா நாட்டின் டொரண்டோ நகர மருத்துவமனையில் ஒரு சிறுவனுக்கு முதல் முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அவன் பெயர் லியோனார்டு தாம்சன், வயது 14.

அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து எலிசபெத் ஹியூஸ் என்ற பெண்ணை அங்கே கூட்டி வந்தார்கள். அவளுக்கு 15 வயது ஆகப்போகிற சமயம். எடை சுமார் 20 கிலோதான். எலும்பும் தோலுமாக இருந்தாள். இன்சுலின் போட ஆரம்பித்ததும் உடம்பு தேறியது. அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். எலிசபெத் ஒரு நர்சின் துணையோடு அங்கேயே சில மாதம் தங்கி, ஊசி போட்டுக்கொள்ளத் தானே கற்றுக்கொண்டாள். சாப்பாட்டை அளந்து சாப்பிட்டாள். நடந்ததையெல்லாம் அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினாள். பிறகு படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகள் பெற்றார். 1981-ல்தான் இறந்தார், 73 வயதில்.

அவரைக் காப்பாற்றியது இன்சுலின்தான். ஆனால் அதை நாள் தவறாமல் ஏறக்குறைய 60 வருடம் போட்டது அவருடைய சொந்தக் கைதான். அம்மா கை அவ்வளவு தூரம் கூட வராது.

மூன்று நோய்கள்: பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

1. டைப்-1 சர்க்கரை நோய்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, இது வேறு. கணையம் என்ற உறுப்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவதால் வருவது. இனிப்பு கொடுத்ததால் வந்ததல்ல. அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. இதற்கு மாத்திரை போதாது. தினமும் இன்சுலின் ஊசி வேண்டும். "நாட்டு மருந்து சாப்பிட்டா ஊசிய நிறுத்திடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் ஊசியை முழுசாக நிறுத்தக் கூடாது. அன்றைக்கு எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

பிள்ளை தானே தெரிந்துகொள்ள வேண்டியவை:

* சர்க்கரை இறங்கினால் (லோ சுகர்) வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், மயக்கமாக வரும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை ஆலை ஊரில் இருக்கிறோம், ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் பிள்ளையின் பையில் இருக்கட்டும்.
* இன்சுலின் பாட்டிலில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி ஊசி, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி ஊசி. மருத்துவமனையோ கடையோ மாறும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 100 மருந்தை 40 ஊசியில் எடுத்தால், அளவு இரண்டரை மடங்கு ஆகிவிடும்.
* ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும். வயிறு, தொடை என்று இடம் மாற்றிப் போட வேண்டும்.
* ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதில் சின்னப் பானையை வைத்து, அதற்குள் இன்சுலினை நனையாமல் மூடி வைக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தால் ஐஸ் உறையும் தட்டில் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

2. வலிப்பு

மாத்திரை தினமும், ஒரே நேரத்தில். ஆறு மாதமாக வலிப்பு வரவில்லை என்று நாமாக நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரலாம். குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். பரீட்சைக்கு இரவெல்லாம் கண் விழிப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. கிணறு, ஏரி, தென்பெண்ணை ஆறு, எங்கேயும் தனியாகக் குளிக்கப் போகக் கூடாது. இதை மிரட்டிச் சொல்லாமல் காரணத்தோடு சொன்னால் பிள்ளை கேட்கும்.

வலிப்பு வந்தால் இரும்பு, சாவி எதையும் கையில் கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். 5 நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் 108. இதைப் பிள்ளையின் கூட்டாளிகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

3. இருதய வால்வுக் கோளாறு

சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் என்று வந்து, பிறகு இருதய வால்வைக் கெடுக்கும் நோய் இது. இதற்கு 3 வாரம் அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். பல வருடம் தொடர வேண்டும். ஊசி வலிக்கும். பிள்ளையோ நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கறேன், எதுக்கு ஊசி?" என்று 14, 15 வயதில் கேட்கும். அந்த ஊசி இப்போதைய வலிக்கு அல்ல, காய்ச்சல் மறுபடி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் இருக்க என்று பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டும். அடுத்த தேதியைக் காலண்டரில் பிள்ளையே வட்டம் போட்டு வைக்கட்டும்.

ஆஸ்துமா, தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை என்று எதுவானாலும் வழி இதேதான். தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. இந்தப் பிள்ளைகள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

எப்படிக் கைமாற்றுவது?

ஒரே நாளில் "இனிமே நீயே பாத்துக்கோ" என்று விடுவது கைமாற்றுவது அல்ல, அது கைவிடுவது. படிப்படியாகச் செய்வோம்.

முதல் படி, 10 முதல் 12 வயது வரை: அம்மா செய்யணும், பிள்ளை பார்க்கணும். தன் நோயின் பெயர், மருந்தின் பெயர், எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பது பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். "ரோஸ் கலர் மாத்திரை" என்றால் போதாது. அடுத்த தடவை கம்பெனி மாறும்போது கலரும் மாறிவிடும்.

இரண்டாம் படி, 13 முதல் 15 வயது வரை: பிள்ளை செய்யணும், அம்மா பார்க்கணும். ஊசியைப் பிள்ளையே எடுக்கட்டும். அளவை அம்மா ஒரு முறை பார்க்கட்டும். மருத்துவமனையில் "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டால் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வோம். பிள்ளை பேசட்டும். விட்டதை மட்டும் கடைசியில் நாம் சேர்ப்போம்.

மூன்றாம் படி, 16 முதல் 18 வயது வரை: பிள்ளை செய்யணும், அம்மா வாரம் ஒரு முறை கேட்கணும். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது, ஓ.பி. சீட்டு போடுவது, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்குவது எல்லாம் பிள்ளை. டாக்டரிடம் 5 நிமிடம் பிள்ளை தனியாகப் பேசட்டும், நாம் வெளியே உட்காருவோம். மாதவிடாய், பீடி, குடி, காதல், மனக்கஷ்டம் என்று அம்மா எதிரில் கேட்க முடியாத கேள்வி அந்த வயதில் இருக்கும்.

நான்காம் படி, 18 வயதுக்கு மேல்: பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவது. மாறுவதற்கு முன், பழைய டாக்டரிடம் நோய் விவரம் எழுதிய ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு தடவை அம்மாவோ அப்பாவோ கூடப் போகலாம். இப்போது நமக்கு கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் இருக்கிறது. எங்கே என்பதை டாக்டரைக் கேட்டு, பிள்ளையையும் கலந்து முடிவு செய்யுங்கள். கல்லூரி எந்த ஊரில் என்று முடிவாகும்போதே, அங்கே மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வயது ஒரு கணக்குக்குத்தான். சில பிள்ளை முன்னே போகும், சில பிள்ளை பின்னே வரும். எழுதப் படிக்க வராத பிள்ளைக்கும், புத்தி வளர்ச்சி குறைவான பிள்ளைக்கும் முடிந்த வேலையை மட்டும் கொடுத்து, மீதிக்கு வீட்டில் இன்னொருவரைத் தயார் செய்ய வேண்டும்.

ஒரு 40 பக்க நோட்டு

ஐந்து பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், நோயின் பெயர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்கு இரண்டு போன் நம்பர். அடுத்த பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, நேரம். பிறகு தேதிவாரியாக டாக்டர் சொன்னது. கடைசிப் பக்கத்தில் அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். எழுதுவது பிள்ளையின் கையெழுத்தாக இருக்கட்டும். காப்பீட்டு அட்டை, ஆதார் நகலும் அதே உறையில். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

திட்டினால் பொய்க் கணக்குதான் வரும்

இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். வயதுக்கு வரும் சமயத்தில் உடம்பில் பல மாற்றம் நடக்கிறது. அந்த மாற்றத்தாலேயே சர்க்கரை ஏறும். பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்றதால்தான் ஏறியது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். "250 இருக்குது! என்னாத்த தின்ன?" என்று கத்துகிறோம். அடுத்த நாள் பிள்ளை நோட்டில் 140 என்று எழுதி வைக்கும். நாமும் சந்தோஷப்படுவோம், டாக்டரும் நம்புவார், மருந்து அளவு தப்பாகிவிடும்.

குழுவில் நாம் பார்த்ததுதான் இது. தவணை கட்ட முடியாத உறுப்பினரைக் கூட்டத்தில் வைத்துக் கேவலமாகப் பேசினால் என்ன ஆகும்? அடுத்த வாரம் அவர் கூட்டத்துக்கே வர மாட்டார். "என்னக்கா கஷ்டம்?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும், வழியும் பிறக்கும். பிள்ளையிடமும் அப்படித்தான். எண்ணுக்காகத் திட்ட வேண்டாம், உண்மையை எழுதியதற்காகப் பாராட்டுவோம். மாத்திரை தவறிவிட்டால், "எந்த நேரத்துலடா மறக்குது? எங்க வெச்சா ஞாபகம் வரும்?" என்று கேட்போம்.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பிள்ளை அழலாம், கோபப்படலாம், ஊசியை வேண்டுமென்றே விடலாம். அடம் என்று ஒதுக்காதீர்கள். மனசு ரொம்பச் சோர்ந்திருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம்.

பெண் பிள்ளை என்றால்

நம் பகுதியில் பெரிய சிக்கல் இங்கேதான். "வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?" என்று மறைக்கிறோம். பெண் பார்க்க வரும் நாளில் ஊசியை ஒளித்து வைக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ விட்டுவிட்டால், நாம் காப்பாற்றிய மானத்துக்கு அவள் உயிரைத்தான் விலையாகக் கொடுக்கிறாள்.

மூன்று விஷயம் சொல்கிறோம். ஒன்று, வலிப்பு ஒரு சாபம் இல்லை. திருமணச் சட்டத்தில் வலிப்பைக் காரணம் காட்ட இருந்த வாசகத்தையே 1999-ல் நீக்கிவிட்டார்கள். இரண்டு, இந்தப் பெண்களும் பிள்ளை பெற முடியும். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்றித் தருவார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இருதய வால்வுக் கோளாறு இருந்தால், கர்ப்பம் தாங்குமா என்று பரிசோதித்துச் சொல்வார்கள். மூன்று, யாரிடம் எப்போது சொல்வது என்று அந்தப் பெண்ணையும் கேளுங்கள். கட்டிக்கப் போகிறவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியட்டும். தெரிந்தும் வருகிறவர்தான் நாளைக்கு ராத்திரி லோ சுகர் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பார்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

* மருத்துவமனைக்குப் போகும் பஸ் செலவுக்கும், சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்புக்கும் உள்கடனில் முன்னுரிமை தரலாம். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். போய் வரும் கூலி நஷ்டம்தான் பல பேரை நிறுத்திவிடுகிறது.
* அம்மா வெளியூர் வேலைக்குப் போகும் வீட்டில், பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் அந்தப் பிள்ளையின் நோட்டைத் தெரிந்து வைத்திருக்கலாம்.
* தலைமை ஆசிரியர், விடுதிக் காப்பாளரிடம் இரண்டு பேர் சேர்ந்து போய்ப் பேசலாம். வகுப்பு நடுவில் சிற்றுண்டி, ஊசி போட மறைவான இடம், பரீட்சைக்குக் குளுக்கோஸ் எடுத்துப் போக அனுமதி இவற்றைக் கேட்கலாம். சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை நோய்ப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. அதைச் சொல்லிக் கேட்கலாம்.
* 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு, பெண் தன்னார்வலர்களை நம் மாதிரி குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். அப்படி வேலை செய்த அனுபவம் உள்ளவர் உங்கள் குழுவில் இருந்தால், வளரிளம் பிள்ளைகளுக்கு அவரையே பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள்.
* ஒரு வீட்டுப் பிள்ளையின் நோயைத் தெருவில் பேசுவதில்லை என்று தீர்மானம் போடலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியே போடலாம்.

கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் மருந்து எடுக்கும் வளரிளம் பிள்ளை உண்டா? தன் மருந்தின் பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?
2. அம்மா ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?
3. நோயை மறைத்துக் கல்யாணம் செய்வதைப் பற்றி நம் குழு என்ன நினைக்கிறது?

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய

ஒரே ஒரு வேலைதான். இத்தனை நாள் நீங்கள் செய்துவந்த ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள். மாத்திரை டப்பாவை வாரத்துக்கு நிரப்புவதாக இருக்கலாம், ஓ.பி. சீட்டு வாங்குவதாக இருக்கலாம். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். தப்பு வந்தால் திருத்துங்கள், பறித்துக்கொள்ளாதீர்கள். என்ன கொடுத்தீர்கள், எப்படிப் போயிற்று என்று அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்ற குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும்.